ரூமு கதகதப்பாத்தான் இருந்துச்சு

ஜன்னல மூடாத கண்ணு. குளிரட்டும், பரவால்ல. உனக்கு வேணும்னா இந்தச் சால்வைய எடுத்துப் போத்திக்க, எனக்கு வேண்டாம். காத்து வந்துட்டே இருந்தாத்தான் எனக்கு மூச்சு வருது. முன்னெல்லாம் இப்படி இல்ல, இப்பக் கொஞ்ச நாளாத்தான். பின்னாடி சீட்டுக்காரங்க சத்தம் போட்டா நான் பேசிக்கறேன், நீ பேசாம இரு.

என்ற மொகத்தையே பாக்கறியே, தையலத்தானே? பாத்துக்க, தப்பில்ல. பஸ்ஸுல ஏறினதுல இருந்து எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்காங்க. நீயாவது நேரா பாக்கற. புருவத்துல ஆரம்பிச்சுக் காதுவரைக்கும் போகுது. இடுக்கியால அடிச்சா. கரி அள்ளற இரும்பு இடுக்கி. கண்ணு தப்பினது சாமி புண்ணியம். அடிச்சவ பேரு இருசாயி. என்ற கையால வருசக்கணக்கா சோறு வாங்கித் தின்னவ.

நான் கை நீட்டற பொம்பளையே இல்ல கண்ணு. எங்க ஊரு பனிக்கொம்பையில யாரை வேணா கேட்டுப் பாரு. நாகரத்தினத்துக்கு வாயி பெருசும்பாங்க, கோவக்காரிம்பாங்க. அடிப்பான்னு ஒருத்தர் சொல்லட்டும், இந்த மலையில இருந்து அப்படியே குதிச்சிர்றேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால வீடில்லாதவங்க காப்பகம் இருக்குதல்லோ, நீ பாத்திருப்ப, பச்சைத் தகரம் போட்ட கூரை. அதுல பொம்பளைங்க பக்கத்துக்கு நாந்தான் பொறுப்பு. பெரிய ஹாலு ஒண்ணு, கட்டிலு வரிசையா. வாசலோரமா எனக்குன்னு ஒரு ரூமு. என்ற வீட்டுக்காரரு போனதுக்கப்பறம் எனக்கு இந்த உலகத்துல இருந்தது அந்த ரூமு ஒண்ணுதான். புள்ளைகுட்டி கெடையாது. ஒறம்பரைன்னு சொல்லிக்க ஆளில்ல. ரூமு வேலையோட வந்தது, வேலை போனா அதுவும் போயிரும். இத மட்டும் மனசுல வெச்சுக்க, மத்தது தன்னால புரியும்.

அங்க வர்றவளுங்களப் பத்தி நான் தப்பாப் பேச மாட்டேன். ஆனா ஒழுங்கு கெடையாது. ஒருத்தி சோத்த எடுத்துத் தலையணைக்குள்ள வெச்சுக்குவா. ஒருத்தி குளிக்கவே மாட்டா, வாளித் தண்ணியத் தூக்கித் தலையில ஊத்துனாத்தான் உண்டு. ஊத்துனா அழுவா. வீடுன்னு ஒண்ணு இருந்தாத்தானே ஒழுங்கு வரும்? எனக்கு வீடிருந்துச்சு, அதனால எனக்குத் தெரியும். அவளுங்களுக்கு எப்படித் தெரியும்?

இந்த இருசாயி எஸ்டேட்டுல காலமெல்லாம் கொழுந்து கிள்ளினவ. வேலையில இருந்து நின்னதும் லைன் வீட்டக் காலி பண்ணச் சொன்னாங்க. அது மொறைதானே? வேலை செய்யறவங்களுக்குத்தானே லைன் வீடு? இவ என்ன பண்ணா தெரியுமா, கதவுக்கு உள்பக்கமா பலகை வெச்சு ஆணியடிச்சுப்போட்டு உள்ளயே உக்காந்துக்கிட்டாளாம். கூரைத் தகரத்தப் பிரிச்சு, எறங்கித்தான் தூக்கிட்டு வந்தாங்களாம். எறங்கினவன் கையக் கடிச்சு வெச்சுட்டா. அப்படிப்பட்ட ராங்கிக்காரிய என்ற தலையில கட்டினாங்க.

சரி, ஹீட்டர் கதைக்கு வர்றேன். எல்லாத்துக்கும் காரணம் அதுதான்.

போன குளிருக்கு முந்தின குளிருல ஏதோ ஒரு ஊர்ல தெருவுல படுத்தவங்க வெறைச்சுச் செத்துட்டாங்கன்னு பேப்பருல வந்துச்சு. அத யாரோ ஒரு எம்.எல்.ஏ. சட்டசபையில கேட்டுப்போட்டார். மந்திரி எந்திரிச்சு, மலைமேல இருக்கற காப்பகம் எல்லாத்துக்கும் ஹீட்டர் வெச்சுக் குடுப்போம்னு சொல்லிப்போட்டார். வாயில சொன்னா போச்சா, போகல. சபையில எந்திரிச்சுச் சொன்னா அது உறுதிமொழியாம். சொன்னதச் செஞ்சாங்களான்னு ஊரூராப் போய்ப் பாக்கறதுக்குன்னே எம்.எல்.ஏ.ங்க சேந்து ஒரு குழு வெச்சிருக்காங்களாம். எனக்கு இதெல்லாம் தெரியாது, ஹீட்டரு வேலையப் பாத்த இன்ஜினியர் தனபாலன்தான் சொன்னார்.

ஹீட்டரு வந்துச்சு. இல்லைன்னு சொல்லலியே. அட்டைப்பெட்டியில அழகழகா வந்துச்சு, செவுரு நெடுக மாட்டினாங்க. சுவிச்சப் போட்டா ஒரே நொடியில கட்டடமே இருட்டு. வெள்ளைக்காரன் காலத்துக் கட்டடம் கண்ணு, ஒயரெல்லாம் அப்படியே இத்துப்போய்க் கெடக்கு. ஒயரு மாத்தறதுக்கு வேற ஆபீசு, அதுக்கு வேற உத்தரவாம். மந்திரி ஹீட்டருன்னுதானே சொன்னார், ஒயருன்னு சொல்லலியேன்னு அவங்க சொல்லிட்டாங்க. எலக்ட்ரீசியன் பாத்துட்டு, ஒரே ஒரு ஹீட்டரு ஓடும், அதுக்கு மேல போட்டா தீப்புடிச்சுக்கும்ன்னான்.

ஒண்ணுன்னா அத எங்க போடறது சொல்லு. ஹாலுல போட்டா ஒருத்திக்குப் பக்கம், ஒருத்திக்குத் தூரம். அடிச்சுக்குவாளுங்க. யாரும் யாரோடவும் சண்டை போடக் கூடாதுன்னுதான் அத என்ற ரூமுல போட்டுக்கிட்டேன். அதுக்கும் இருசாயி பேசினா. சுடுதண்ணிப் பாட்டில் வெச்சுக்கிட்டுத் தூங்கற பவுனாத்தாவையாவது ரூமுல படுக்க விடுன்னு வந்து நின்னா. பவுனாத்தாவுக்கு நெஞ்சுச் சளி, வீசிங். வயசான சீவன், பாவந்தான். ஆனா ஒருத்திய விட்டா எல்லாரும் வருவாங்கல்ல?

அப்பறந்தான் அவ கரிச்சட்டி வெக்க ஆரம்பிச்சா. எண்ணெய் டின்ன வெட்டி, டீக்கடையில கங்கு வாங்கிட்டு வந்து, பவுனாத்தா கட்டிலுக்கடியில வெச்சுட்டா. எங்க ஊர்ல குளிருக்கு அதுதான் வழக்கம், வீட்டுக்கு வீடு உண்டு. ஆனா நான் கரிச்சட்டியப் பாத்தேன்னா மனுசியா இருக்க மாட்டேன் கண்ணு.

என்ற தங்கச்சி ரங்கநாயகி, அவ புருசன், கைக்கொழந்தை, மூணு பேரும் கரிச்சட்டிய ரூமுக்குள்ள வெச்சுக் கதவச் சாத்திட்டுப் படுத்தாங்க. எந்திரிக்கல. கதவ ஒடைச்சு மொதல்ல உள்ள போனவ நாந்தான். மொகமெல்லாம் செவசெவன்னு, காச்ச வந்த கொழந்தை கன்னம் மாதிரி. தூங்கறாங்கன்னுதான் நெனச்சேன். எழுப்பினேன். கொழந்தையத் தூக்கி உலுக்கினேன் கண்ணு, பால் குடிக்கறதுக்குத் தலையத் திருப்பும்னு நெனச்சு. சரி, அத விடு. அத விடு.

என்ற தங்கச்சி பண்ண தப்பு என்னன்னா பச்சைக் கரியப் போட்டுட்டா. கரிய வெளியில வெச்சு, நல்லாக் கனியவிட்டு, வெள்ளையாச் சாம்பல் பூத்துப் புகை சுத்தமா நின்ன பின்னாடிதான் உள்ள எடுத்துட்டுப் போகணும். அப்படி எடுத்துட்டுப் போனா ஒண்ணும் பண்ணாது. எங்க மலையில பொறந்த கொழந்தைக்குக்கூட அது தெரியும். அவ அவசரக்காரி. இருசாயி மட்டும் என்ன, பக்குவம் பாத்தா செய்வா? அதனால என்ற காப்பகத்துல சட்டியே கூடாதுன்னு வெச்சேன்.

அன்னைக்குச் சாயங்காலம் உள்ள போறேன், கட்டிலுக்கடியில செவப்பாத் தெரியுது. எனக்குக் கண்ணு இருட்டிக்கிச்சு. விட்டேன் ஒரு ஒதை. கங்கு பறந்து இருசாயி கால் மேல விழுந்துச்சு. நானா அவ கால்ல கொட்டினேன்? அவ கால எடுத்திருக்கலாம். வெறும் காலோட நின்னது என்ற தப்பா? கத்திக்கிட்டே என்ற சேலையப் புடிச்சா, வெறகுக்கட்டையால முட்டிக்குக் கீழ ரெண்டு போட்டேன். கைய நீட்டித் தடுத்தா, வெரலு பிசகிக்கிச்சு. அது அடிச்சதுல்ல, கண்டிச்சது. பெத்த தாயி அடிக்க மாட்டாளா? மத்தவளுங்க எல்லாம் போர்வைக்குள்ள தலைய விட்டுக்கிட்டாளுங்க. ஒருத்திகூட வாயத் தெறக்கல. தப்பா இருந்தா கேட்டிருப்பாங்கல்ல?

கால்ல புண்ணு பெருசா வந்துச்சு. மஞ்சள் அரைச்சு நாந்தான் போட்டுவிட்டேன். நன்றி சொன்னாளா? மொகத்தத் திருப்பிக்கிட்டா.

அதுக்கப்பறம் குழு வருதுன்னு தகவல் வந்துச்சு. தனபாலன் சாரு மப்ளரச் சுத்திக்கிட்டு வந்து ஹாலுக்கு நடுவுல நின்னார். செவுத்துல ஹீட்டரு எல்லாம் பிளாஸ்டிக் உறையோட தொங்குது. குழுத்தலைவரு ஒரு அம்மா, கெட்டிக்காரி, சுவிச்சத் தானே போட்டுப் பாக்கற ரகம்னு சொல்லிப்போட்டு நெத்தியத் தேச்சார். அப்பறம் அவருக்கு ஒரு யோசனை வந்துச்சு. ஒவ்வொரு ஹீட்டருக்குள்ளயும் ஒரு செவப்பு பல்பு. பல்புக்கு எவ்வளவு கரண்டு ஆகும், ஒயரு தாங்கும். சுவிச்சப் போட்டா கம்பிக்குள்ள செவப்பா எரியும். சூடு வேணுமே, அதுக்குக் கட்டிலுக்கடியில கரிச்சட்டி. மேல விரிப்பத் தரைவரைக்கும் தொங்கவிட்டா யாருக்குத் தெரியும்?

நான் மாட்டேன்னேன். நெஜமாத்தான் கண்ணு. சாமி சத்தியமா மாட்டேன்னேன். என்ற தங்கச்சியப் பத்திச் சொன்னேன், அழுதேன்கூட. அவர் பொறுமையாக் கேட்டார். கேட்டுட்டு என்ற ரூமுப் பக்கம் பாத்தார்.

"அந்த ரூமு உனக்கு வேணுமா, வேண்டாமா நாகரத்தினம்?"

அவ்வளவுதான் கேட்டார். கோவப்படல, சத்தம் போடல. மார்கழி மாசத்துல வாசல்ல நின்னுட்டு அந்தக் கேள்விக்கு என்ன பதில் சொல்லுவ நீ?

ஜன்னலையாவது ஒரு பக்கம் தெறந்து வெச்சுக்கறேன்னேன். சூடெல்லாம் போயிரும், எல்லாத்தையும் சாத்திக் காகிதம் ஒட்டிரு, அவங்க வந்து பத்து நிமிசத்துல போயிருவாங்கன்னார். பத்து நிமிசந்தானே, என்ன ஆயிரப்போகுது. கரியும் நாந்தான் பக்குவம் பண்ணப் போறேன், பச்சைக் கரிக்கு வேலையே இல்ல.

குழு வர்ற அன்னைக்கு விடியக்காலையிலயே பின்னால முத்தத்துல கரிய மூட்டி, விசிறி, ஒவ்வொரு சட்டியாப் பாத்துப் பாத்துக் கனியவெச்சேன். பாலு மாதிரி வெள்ளையாப் பூத்துச்சு. துளி புகை கெடையாது. என்ற தங்கச்சி இருந்து அதப் பாத்திருக்கணும். எல்லாத்தையும் கட்டிலுக்கடியில தள்ளிப்போட்டு, லாட்ஜுல கடன் வாங்கின வெள்ளை விரிப்பப் போட்டு, பொம்பளைங்களக் குளிக்கவெச்சுத் தலை சீவிக் கட்டிலுக்கு ஒருத்தியா உக்காரவெச்சேன். மொதல்ல அவளுங்களுக்குக் குசிதான். எத்தனை வருசத்துக்கப்பறம் அந்த ஹாலுல சூடு. பவுனாத்தா காலக் கட்டிலுக்குக் கீழ தொங்கவிட்டுக்கிட்டு என்னையப் பாத்துச் சிரிச்சுது. நல்லா இருக்குது கண்ணுன்னுது. எனக்கே மனசு நெறைஞ்சுபோச்சு.

காலையில வர்றோம்னவங்க வரல. மொதல்ல அணையப் பாக்கப் போயிட்டாங்களாம். அப்பறம் கெஸ்ட் ஹவுசுல சாப்பாடாம். நான் வாசல்ல சால்வைத் தட்டோட நிக்கறேன். நடுவுல நடுவுல உள்ள போய், கங்கு மங்கின சட்டிக்குப் புதுக் கங்கு போட்டுட்டு வந்தேன். எனக்கும் தலை கிண்ணுன்னுதான் இருந்துச்சு. காலையில இருந்து வெறும் வயிறு, வலிக்காம என்ன பண்ணும்? ஒருத்தி வாந்தி எடுத்துட்டா. வெள்ளை விரிப்பு மேலயே. அவ முதுகுல ஒண்ணு வெச்சு, விரிப்பத் திருப்பிப் போட்டேன். நாலஞ்சு பேரு சாஞ்சு தூங்கிட்டாளுங்க. சூடு ஏறினா தூக்கம் வரத்தானே செய்யும்.

இருசாயி மட்டும் அடங்கல. வெளிய போறேன், வெளிய போறேன்னு கதவுக்கு வந்தா. குழு வர்ற நேரத்துல இவ முத்தத்துல நின்னா, கால்ல அந்தப் புண்ணோட, எப்படி இருக்கும்? உள்ள தள்ளி வெளிப்பக்கமாத் தாழ்ப்பாளப் போட்டேன். கதவத் தட்டினா. தட்டிக்கிட்டே இருந்தா. பொறுக்க முடியாமத் தெறந்தேன்.

"பவுனாத்தா கூப்பிட்டா பேசமாட்டேங்குதும்மா. சட்டிய எடு. உன்ற காலப் புடிக்கறேன்."

நெசமாவே குனிஞ்சு காலப் புடிச்சா. நடிப்பு கண்ணு. அவ்வளவு ராங்கிக்காரி காலப் புடிக்கறான்னா என்ன அர்த்தம்? ஏதோ திட்டம் போடறான்னு அர்த்தம். அதுவும் சரியா அந்த நேரம் பாத்து ரோட்டுல காரு ஹாரன் சத்தம்.  கன்னத்துல ஒண்ணு விட்டேன். விழுந்தா. விழுந்தவள ஒதைச்சு உள்ள தள்ளிக் கதவச் சாத்தினேன்.

வெள்ளை வெள்ளையா காருங்க வந்து நின்னுது. தனபாலன் சாரு முன்னால ஓடறார். தலைவரம்மா எறங்கினாங்க. நல்ல ஒயரம், மூக்குக்கண்ணாடி, கம்பளிக் கோட்டு. நான் சால்வையப் பிரிச்சுக் கிட்டப் போறேன். அவங்க தலையக் குனியறாங்க. அப்பத்தான் ஜன்னலு ஒடைஞ்சுது.

சும்மா ஒடையல கண்ணு. குண்டு போட்ட மாதிரி ஒடைஞ்சுது. கண்ணாடி பறந்து வந்து சிமிட்டித் தரையில சிதறுது. அதோட ஹீட்டரு ஒண்ணு பறந்து வருது. செவுத்துல இருந்து பேத்திருக்கா. அந்தப் பிசகின வெரலோட, ஆணியோட பேத்து ஜன்னல் மேல எறிஞ்சிருக்கா. அது தலைவரம்மா காலடியில வந்து விழுந்து ரெண்டாப் பொளந்து, உள்ள இருந்து செவப்பு பல்பு உருண்டு வந்துச்சு. எல்லாரும் அந்தப் பல்பையே பாக்கறாங்க. உள்ள இருந்து அடுத்த ஜன்னலு ஒடையற சத்தம். அப்பறம் அதுக்கடுத்தது.

என்ற ரூமு போச்சுன்னு தெரிஞ்சுபோச்சு கண்ணு. அந்த நிமிசமே தெரிஞ்சுபோச்சு. கட்டிலு, சாமி படம், வீட்டுக்காரரு போட்டோ எல்லாம் தெருவுல கெடக்கற மாதிரி கண்ணுக்கு முன்னால வந்துச்சு. ஓடினேன். கதவத் தெறந்து அவ முடியப் புடிச்சேன். மத்தது எனக்குச் சரியா நெனப்பில்ல. செவுத்துல மோதினேன்னு சொல்றாங்க. மோதினேன்னா, அவ தலைய நான் புடிச்சிருந்தேன், செவுரு அங்க இருந்துச்சு. எத்தன தடவன்னு யாரு எண்ணிட்டிருந்தாங்க? அவ கையில கரி இடுக்கி மாட்டிக்கிச்சு, திருப்பி ஒண்ணு விட்டா. கண்ணுல ரத்தம் வழிஞ்சு எனக்கு ஒண்ணும் தெரியல. ஆனா முடிய நான் விடல. கீழ விழுந்தோம். அவ என்ற கழுத்தக் கடிக்கறா, நான் அவ வாயில குத்தறேன். பல்லு பேந்து என்ற கையில ஒட்டிக்கிச்சு. அப்பவும் அவ என்ன கத்தறா தெரியுமா? என்னையத் திட்டல. எந்திரிங்கடி, எந்திரிங்கடின்னு கட்டிலப் பாத்துக் கத்தறா.

யாரோ என்னையத் தூக்கினாங்க. தலைவரம்மா வாசல்ல நின்னு எல்லாரையும் வெளிய தூக்கிட்டுப் போங்கன்னு சத்தம் போடறாங்க. பேண்ட்டு போட்ட ஆபீசருங்க பொம்பளைங்களத் தோள்ல போட்டுத் தூக்கிட்டுப் போய்ப் புல்லுத்தரையில போடறாங்க. ஒருத்தி எரும கத்தற மாதிரி சத்தம் போட்டு வாந்தி எடுக்கறா. ஒருத்தி எந்திரிச்சு நடந்து செவுத்துல முட்டிக்கறா. எல்லாரும் முழிச்சுக்கிட்டாங்க. பவுனாத்தா மட்டும் முழிக்கல. கட்டில்ல ஒருக்களிச்சு, நல்லாத் தூங்கற மாதிரி. மொகம் செவசெவன்னு இருந்துச்சு.

டாக்டரு கரிக்காத்துன்னார், கங்குல இருந்து வர்ற விஷக்காத்தாம். புகையே இல்லாம எப்படிங்க கரிக்காத்துன்னு கேட்டேன், புகைக்கும் அதுக்கும் சம்பந்தமில்லைம்மா, கங்கு கனியக் கனியத்தான் கொல்லும்ன்னார். படிச்சவங்க ஆயிரஞ்சொல்லுவாங்க. நான் சொல்றத நீ கேளு. சூடா இருந்த ரூமுல திடீர்னு ஜன்னல ஒடைச்சா என்ன ஆகும்? பனிக்காத்து அப்படியே பூந்துச்சு. நெஞ்சுச் சளிக்காரி, தாங்குமா? இருசாயிதான் கொன்னா. அவ ஜன்னல ஒடைக்காம இருந்திருந்தா எல்லாரும் நல்லாத் தூங்கிட்டே இருந்திருப்பாங்க.

ஏங்கண்ணு அப்படிப் பாக்கற? ஜன்னல மூடாத, மூடாதன்னு சொன்னனல்லோ. தெறந்தே இருக்கட்டும்.

என்னைய அன்னைக்கே வேலைய விட்டு நிறுத்திட்டாங்க. பொம்பளைய அடிச்சதுக்காம். கரிக்கு இல்ல, பல்புக்கு இல்ல, அடிச்சதுக்கு. ரூமுல வேற பூட்டுத் தொங்குது, என்ற சாமானெல்லாம் உள்ள. இப்ப எங்க படுக்கறேன்னு நீ கேக்கல, ஆனாலும் சொல்றேன். கொஞ்ச நாள் பஸ் ஸ்டாண்டுல பொம்பளைங்க ஓய்வறை. அப்பறம் தெரிஞ்சவங்க கார் ஷெட்டு. அவங்க காரு திரும்பி வந்துட்டா மாரியம்மன் கோயில் மண்டபம். அது வீடில்லாம இருக்கறதுன்னு ஆகாது கண்ணு. எனக்கு ரூமு இருக்குது, பூட்டியிருக்கு, அவ்வளவுதான். காப்பகத்துல வந்து படுத்துக்கோன்னு புதுசா வந்தவ சொன்னா. காறித் துப்பிட்டு வந்தேன். நான் அங்க படுக்கறவளா?

இப்ப மேட்டுப்பாளையம் போய், அங்க இருந்து ரயிலு, நாளைக்குக் காலையில சென்னை. குழு கூப்பிட்டிருக்கு. என்னைய நேருல விசாரிக்கறாங்களாம். ஆமா, சட்டசபைக் கட்டடத்துக்குள்ளதான். தனபாலன் சாரு டிக்கெட்டே எடுத்துக் குடுத்துட்டார். புதுச் சேலைகூட அவரு வாங்கினதுதான்.

அவரு ஆஸ்பத்திரிக்கு வந்து எல்லாம் வெவரமாச் சொன்னார். பல்பு பத்தி அவரே பேசிக்குவாராம், ஹீட்டரு ஓடுதான்னு காட்டற அடையாள விளக்குன்னு சொல்லிருவாராம். ரூமு கதகதப்பா இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சுங்கன்னு நான் சொல்லணும். பொய்யில்லையே? தலைவரம்மாவுமே உள்ள வந்ததும் சூட்ட உணர்ந்தாங்கல்ல. கரிச்சட்டி எப்படி வந்துச்சுன்னு கேட்டா, இருசாயி கொண்டுவந்து வெச்சான்னு சொல்லணும். ஏற்கெனவே வெச்சவதானே? கால்ல தழும்பு இருக்குதல்லோ, அத விட அத்தாட்சி என்ன வேணும்? சொல்லிட்டேன்னா வேலையும் வந்துரும், ரூமும் வந்துரும். மத்தவளுங்களக் கேக்க மாட்டாங்களாம். எல்லாரையும் ஊருக்கு ஒருத்தியாப் பிரிச்சு அனுப்பியாச்சு.

இருசாயியும் பேச மாட்டா. தலையில அடிபட்டதுல நாக்கு கொழறிப்போச்சு. ஆஸ்பத்திரிக் கட்டில்ல கெடக்கறா, பக்கத்துல போலீசு. நான் போய்ப் பாத்தேன். பகையாளியா இருந்தாலும் பாக்காம இருக்க முடியுமா? ரெண்டு ஆரஞ்சு வாங்கிட்டுப் போனேன். என்னையப் பாத்ததும் ஏதோ கேட்டா, புரியல. குனிஞ்சு காதக் குடுத்தேன். பவுனாத்தா எந்திரிச்சுதான்னு கேக்கறா. எந்திரிச்சிருச்சுன்னு சொல்லிப்போட்டு வந்தேன்.  நானும் மனுசிதானே.

நீ எதுக்கு இப்ப எந்திரிக்கற? எறங்கற எடம் வரலியே. உக்காரு, உக்காரு, நான் இன்னும் முடிக்கல.

நீ நெனக்கறது எனக்குத் தெரியுது. ஒரு உசிரு போன கேசு, இருசாயி ஜெயிலுக்குப் போவாளேன்னுதானே நெனக்கற? நானும் அத நெனச்சு நெனச்சுத் தூங்காமக் கெடந்தேன். அப்பறந்தான் எனக்கே தோணுச்சு. அவளுக்கு வெளிய என்ன இருக்கு? லைன் வீடு போச்சு, காப்பகமும் போச்சு, கால் ஊனம், வாயும் கொழறுது. வெளிய வந்தா அடுத்த மார்கழிக்குத் தாங்குவாளா? கோயம்புத்தூர் ஜெயிலு கீழ்நாடு கண்ணு, குளிரே கெடையாது. மூணு வேளை சோறு. மேல காங்கிரீட்டுக் கூரை. பக்கத்துலயே டாக்டரு. எந்த மந்திரியும் குடுக்காத வீட்ட நாளைக்கு நான் ஒரு வார்த்தையில அவளுக்கு வாங்கிக் குடுக்கப் போறேன்.

ஆயுள் தண்டனையாக் குடுத்துட்டாங்கன்னா இன்னும் நல்லது. சாகறவரைக்கும் அவளைக் காலி பண்ணச் சொல்ல மாட்டாங்க.